சிறார்களின் விளையாட்டும் எலும்பு முறிவும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

ஓடியாடி விளையாடும் சிறார்களின் எலும்புகள் வலுப்பெறுகின்றன. எனினும், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம் நேரிடுகிறது. முரணாகத் தோன்றும் இந்நிலை, ஒருமுறை கை முறிந்த குழந்தையை மீண்டும் மைதானத்துக்கு அனுப்பலாமா என்ற தயக்கத்தைப் பெற்றோரிடையே ஏற்படுத்துகிறது.

பிரிஸ்டல் ஆய்வு

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரையும் அதன் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்த 2,692 சிறார்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டு வெளியாயின. சுமார் 10 வயதில் அவர்களின் எலும்பு நிறை அளவிடப்பட்டு, அடுத்த 2 ஆண்டுகளில் நேரிட்ட முறிவுகள் கணக்கிடப்பட்டன. வாரத்துக்கு 4 முறைக்கும் குறைவாகக் கடும் உடற்செயல்பாட்டில் ஈடுபட்டவர்களைவிட, நாள்தோறும் ஈடுபட்டவர்களுக்கு முறிவு அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. எலும்பு நிறை கூடியிருந்தபோதிலும், கீழே விழுவதற்கும் மோதிக்கொள்வதற்கும் வாய்ப்புகள் பெருகியதை அது ஈடுசெய்யவில்லை.

வளரிளம் பருவம்

பெண் குழந்தைகளுக்குச் சுமார் 11 வயதிலும், ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 14 வயதிலும் முறிவுகள் உச்சத்தை எட்டுகின்றன. இவற்றில் மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பு முறிவே அதிகம். இப்பருவத்தில் எலும்பு விரைந்து நீள்கிறது. அதில் கால்சியம் முதலான தாதுக்கள் படிவதோ சற்றுப் பிந்தியே நிகழ்கிறது. இந்த இடைவெளியில் எலும்பு தற்காலிகமாக வலுக்குன்றுகிறது.

ஸ்வீடன் அனுபவம்

அவ்வாறெனில் விளையாட்டைக் குறைப்பது தீர்வாகுமா? ஸ்வீடனின் மால்மோ நகரில் ஒரு பள்ளியில் வாரத்துக்கு 60 நிமிடங்களாக இருந்த உடற்கல்வி, நாளொன்றுக்கு 40 நிமிடங்களாக உயர்த்தப்பட்டது. 2,621 சிறார்களை உள்ளடக்கிய ஒப்பீட்டில், 6 ஆண்டுகளுக்குப் பின் அப்பள்ளி மாணவர்களின் எலும்பு வளர்ச்சி மேம்பட்டிருந்தது. முறிவு அபாயமோ மற்ற பள்ளிகளைவிட அதிகரிக்கவில்லை. ஆசிரியரின் மேற்பார்வையில் நாள்தோறும் அளிக்கப்படும் மிதமான பயிற்சி பாதுகாப்பானது என்பதையே இது உணர்த்துகிறது.

இந்தியாவின் நிலை

2016–18-இல் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் சுமார் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு உள்ளது. வெயிலில் விளையாடும் நேரம் குறைந்தால் இக்குறைபாடு மேலும் கூடக்கூடும். உடலில் சேரும் எலும்பு நிறையின் பெரும்பகுதி 20 வயதுக்குள் உருவாகிவிடுவதால், இவ்வயதில் இழப்பதைப் பின்னர் முழுமையாக ஈடுகட்டுவது கடினம்.

கவனிக்க வேண்டியவை

5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடற்செயல்பாட்டில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் எலும்பை வலுவாக்கும் பயிற்சிகள் அதில் இடம்பெற வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. குதித்தல், ஓடுதல், கயிறு தாண்டுதல் ஆகியவை அத்தகையவை. பால், கேழ்வரகு, கீரை ஆகியவற்றை உணவில் சேர்ப்பது கால்சியம் கிடைக்க உதவும்.

சறுக்குச்சக்கர விளையாட்டில் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அவசியம். விழுந்த பின் வீக்கமோ வலியோ நீடித்தால் எக்ஸ்-ரே பரிசோதனை தேவைப்படலாம். எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தகடு பாதிக்கப்பட்டால் எலும்பின் வளர்ச்சியே தடைபடக்கூடும். லேசான அடியிலேயே மீண்டும் மீண்டும் முறிவு ஏற்பட்டால், அதற்கான காரணத்தை மருத்துவர் மூலம் கண்டறிய வேண்டும். மற்றவர்கள், முறிவு கூடியபின் மருத்துவரின் ஆலோசனைப்படி படிப்படியாக விளையாட்டுக்குத் திரும்பலாம்.