மன்னர் கேட்ட வாய்தா

மோட்சத்தை நம்புகிறவன் சாவுக்கு அஞ்சுவானா? பிரான்ஸ் தேசத்து அரசர் பதினோராம் லூயியின் கடைசி நாட்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும்.

லூயி பெரிய பக்தர். தேவாலயங்களுக்கு வாரி வழங்கியவர். ஆனால் எதிரிகளை இரும்புக் கூண்டில் அடைத்தவரும் அவரே. நோய் முற்றியதும் பிளெஸ்ஸி கோட்டைக்குள் ஒடுங்கினார். சுற்றிலும் இரும்புக் கம்பிகள், வில்லாளிகளின் காவல். எமனைத் தடுக்கத்தானோ என்னவோ! முடிசூட்டுக்குரிய புனிதத் தைலத்தை ரெய்ம்ஸ் நகரிலிருந்து வரவழைத்தார். போப்பாண்டவர் மூலம் சொல்லச் செய்து, இத்தாலியிலிருந்து பிரான்சிஸ் என்ற துறவியைத் தருவித்தார்.

1483-இல் துறவி வந்ததும் மன்னர் மண்டியிட்டு ஆயுளை நீட்டிக்கும்படி மன்றாடினார் என்று, அவரிடம் பணியாற்றிய கொமின் எழுதியிருக்கிறார். ஆத்மாவை ரட்சிக்கச் சொல்லவில்லை, பாருங்கள்! ஆயுள் ஆண்டவன் கையில் என்று உணர்த்தினார் துறவி.

கிறிஸ்தவ நம்பிக்கையில் மோட்சத்துக்கு முன்னால் தீர்ப்பு நிற்கிறது. வழக்கு பலவீனமானவன் வாய்தா கேட்பதில் என்ன வியப்பு?

வாய்தா கிடைக்கவில்லை. ஆகஸ்டு 30-ஆம் தேதி லூயி இறந்தார், வயது 60. ஆனால் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தபின் கலங்காமல் அதை ஏற்றார் என்கிறார் கொமின். ஆயுளைக் கேட்காத துறவியோ, காய்கறி உண்டு, 90 வயதைக் கடந்து 1507 வரை வாழ்ந்தார்.