அமெச்சூர் வானொலியில் வீச்சுப் பண்பேற்றக் குரல் தொடர்பு

வணிக நோக்கமோ ஊதியமோ இன்றி, அரசின் உரிமம் பெற்றுச் சொந்தமாக வானொலி நிலையம் நடத்தும் ஆர்வலர்கள் ஹாம்கள் எனப்படுகின்றனர். இவர்கள் முழு ஊர்தி அலையும் இரு பக்கப்பட்டைகளும் கொண்ட அலைபரப்பின் வழியே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே வீச்சுப் பண்பேற்றக் குரல் தொடர்பாகும். ஏ.எம். என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வகைப்பாடு ஏ3இ என்னும் குறியால் சுட்டுகிறது. 1930களிலிருந்து 1950களின் இறுதி வரை சிற்றலைப் பட்டைகளில் ஹாம்கள் பேசிய பேச்சு பெரும்பாலும் இம்முறையிலேயே நிகழ்ந்தது. பின்னர் ஒற்றைப் பக்கப்பட்டை முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட போதிலும் ஏ.எம். மறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் 75 மீட்டர் பட்டையில் 3885 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியும், 40 மீட்டர் பட்டையில் 7290 கிலோஹெர்ட்ஸிலும், 10 மீட்டர் பட்டையில் 29.0 முதல் 29.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அது இன்றும் உயிர்ப்புடன் ஒலிக்கிறது.

அலையின் அமைப்பு

ஒலிவாங்கி மனிதக் குரலை மின் அதிர்வாக மாற்றுகிறது. அந்த அதிர்வு அப்படியே வானலையாகித் தொலைவு செல்லத் தக்கதன்று என்பதால், அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்த அதிர்வெண் கொண்ட மற்றோர் அலையின் மீது ஏற்றி அனுப்பப்படுகிறது. சுமந்து செல்லும் அலைக்கு ஊர்தி அலை என்றும், குரலின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்ப அதன் வீச்சைக் கூட்டிக் குறைப்பதற்கு வீச்சுப் பண்பேற்றம் என்றும் பெயர். 3885 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மீது 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், ஊர்தி அலை தன் இடத்திலேயே நிற்க, 3884, 3886 கிலோஹெர்ட்ஸ்களில் இரு புதிய அலைகள் தோன்றுகின்றன. பேச்சில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால் இவை இருபுறமும் பட்டைகளாக விரிகின்றன, இவையே பக்கப்பட்டைகள். 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குரலை அனுப்ப 6 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டியிருப்பது இதனால்தான்.

தூய ஒற்றை ஒலியால் முழு அளவில் பண்பேற்றம் செய்யப்பட்ட அலையில், மொத்தத் திறனின் மூன்றில் இரு பங்கு ஊர்தி அலையிலேயே தங்கிவிடுகிறது; எஞ்சிய ஒரு பங்கை இரு பக்கப்பட்டைகளும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே செய்தியைத் தாங்குவதால், செய்தி போய்ச் சேர உண்மையில் தேவைப்படுவது மொத்தத் திறனில் ஆறில் ஒரு பங்கே. ஏ.எம். முறையை வீண்செலவு என்று கூறுவோர் சான்றாகக் காட்டுவது இக்கணக்கைத்தான். கணக்கில் பிழையில்லை; ஆனால் அது அனுப்பும் இடத்தின் செலவை மட்டுமே அளக்கிறது. ஊர்தி அலை கேட்கும் இடத்தில் ஒரு பெரும் பணியைச் செய்கிறது. ஏற்பிக்குத் தேவையான ஒப்பீட்டு அலை குரலோடு சேர்ந்தே வந்துவிடுவதால், ஒரே ஒரு டையோடைக் கொண்டு குரலைப் பிரித்தெடுக்க முடிகிறது. ஏற்பியின் திருகு சற்று விலகி நின்றாலும் குரலின் சுருதி மாறுவதில்லை. ஒற்றைப் பக்கப்பட்டையிலோ, ஊர்தி அலையை ஏற்பியே உண்டாக்கிச் சேர்க்க வேண்டியிருப்பதால், 100 ஹெர்ட்ஸ் பிசகினாலே பேசுபவரின் குரல் திரிந்துவிடுகிறது. மேலும், வலுவான ஊர்தி அலை வந்து சேர்ந்ததும் ஏற்பியின் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு உணர்திறனைக் குறைத்துவிடுவதால், சொற்களுக்கு இடைப்பட்ட மௌனத்தில் கூடப் பின்னணி இரைச்சல் எழும்பாமல் அடங்கியிருக்கிறது. நெடுநேரம் அமர்ந்து உரையாடுவோருக்கு இந்த அமைதி சிறு பயன் அன்று.

தோற்றமும் வளர்ச்சியும்

வானலையில் குரலை முதன்முதலில் அனுப்பியவர் கனடாவில் பிறந்த ரெஜினால்டு ஃபெசென்டன் ஆவார். 1900 டிசம்பர் 23 அன்று மேரிலாந்து மாநிலத்தின் காப் தீவில் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் தொலைவுக்கு அவர் பேசியது, கடும் இரைச்சலுக்கு நடுவே புரிந்துகொள்ளும் அளவில் கேட்டது. தீப்பொறியால் அலை உண்டாக்கும் கருவிகளில் தெளிவான பேச்சு இயலாது. சீராகத் தொடரும் அலை அதற்கு வேண்டும். வெற்றிடக் குழாய்கள், அதாவது வால்வுகள், எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகே அது தனிமனிதர்களின் கைக்கு எட்டியது.

அமெரிக்காவின் 1912ஆம் ஆண்டு வானொலிச் சட்டம், ஹாம்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. அவை நெடுந்தொலைவுக்கு உதவாதவை என்று அக்காலத்தில் கருதப்பட்டன. 1914இல் ஹைரம் பெர்சி மாக்சிம் முன்னின்று தொடங்கிய அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தின் உறுப்பினர்கள் அக்கருத்தைப் பொய்யாக்கினர். 1921 டிசம்பரில் அக்கழகம் அனுப்பிய பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரமடித்து அமெரிக்க ஹாம் நிலையங்களின் சைகைகளைக் கேட்டார். 1923 நவம்பரில் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோர் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயுடன் 110 மீட்டரை ஒட்டிய அலையில் இருவழித் தொடர்பு கொண்டனர். இவை யாவும் மோர்ஸ் குறியீட்டில் நிகழ்ந்தவையே. ஆயினும் சிற்றலை கடல் கடக்கும் என்று மெய்ப்பித்து, பின்வந்த குரல் தொடர்புக்கு வழியமைத்தவை இவையே.

குரலுக்குத் தேவையான பண்பேற்றச் சுற்றுகளில், தொடக்கத்தில் பரவலாக இருந்தது ரேமண்ட் ஹைசிங் வகுத்த முறை. அது நம்பகமானது என்றாலும் மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியது. 1931இல் லாய் பார்டன் விளக்கிய பி வகைப் பண்பேற்றி, குறைந்த செலவில் பெரும் ஒலித்திறனைத் தந்து இந்நிலையை மாற்றியது. 1933 முதல் 75 மீட்டர், 20 மீட்டர் பட்டைகளில் பேசுவதற்கு அமெரிக்காவில் ஏ வகுப்பு உரிமம் வேண்டியிருந்தது. 1953இல் இக்கட்டுப்பாடு தளர்ந்ததும் அப்பட்டைகளில் குரல்கள் பெருகின.

கருவிகள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஹாம் நிலையங்கள் மூடப்பட்டிருந்தன. போர் முடிந்து அவை மீண்டும் திறந்தபோது, படைத்துறை கழித்துவிட்ட கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனத்தின் எச்.டி.-4 அலைபரப்பியின் படைத்துறை வடிவமான பி.சி.-610, விமானங்களில் பயன்பட்ட ஏ.ஆர்.சி.-5 தொகுதி ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. 1950களில் மினசோட்டாவின் வசீகா நகரிலிருந்து ஜான்சன் நிறுவனம் வைகிங் ரேஞ்சர், வைகிங் வேலியன்ட் ஆகியவற்றையும், மிச்சிகனின் பென்டன் ஹார்பரிலிருந்து ஹீத்கிட் நிறுவனம் வாங்குபவரே பற்றவைத்துச் சேர்க்கும் டி.எக்ஸ்.-100 பெட்டகத்தையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ள டி.எக்ஸ்.-100ஐ ஒருவர் தனியாக மேசைமீது ஏற்றிவைப்பது கடினம்.

இந்த எடைக்குக் காரணம் நேர்மின்வாய்ப் பண்பேற்றம் என்னும் முறையே. இதில் இறுதி நிலை வால்வின் நேர்மின்வாய்க்குச் செல்லும் உயர் மின்னழுத்தத்தோடு, பெருக்கப்பட்ட குரலும் ஒரு பண்பேற்ற மின்மாற்றியின் வழியே சேர்க்கப்படுகிறது. குரலின் உச்சத்தில் மின்னழுத்தம் இருமடங்காகிறது. அதற்கேற்ப மின்னோட்டமும் இருமடங்காவதால், அந்தக் கணத்தில் வெளியேறும் திறன் ஊர்தி அலையின் திறனைப்போல் நான்கு மடங்காக உயர்கிறது. முழுப் பண்பேற்றத்துக்கு இறுதி நிலையின் உள்ளீட்டுத் திறனில் பாதி அளவுக்கு ஒலித்திறன் வேண்டும். 1000 வாட் உள்ளீடு கொண்ட நிலையத்திற்கு 500 வாட் ஒலிப்பெருக்கி வேண்டும் என்றாகிறது. அத்தனை ஒலித்திறனைத் தாங்கும் மின்மாற்றிக்கு இரும்பும் செம்பும் மிகுதியாகத் தேவைப்பட்டன. குரலின் எதிர் உச்சம் அளவு மீறினால் ஊர்தி அலை கணநேரம் அறுந்து, அண்டை அதிர்வெண்களில் சிதறல் இரைச்சலை எழுப்பும். ஆகவே பொறுப்புள்ள ஹாம்கள் அலைநோக்கியின் திரையில் தங்கள் அலையின் வடிவத்தைக் கண்காணித்துக்கொண்டே பேசுகின்றனர்.

ஒலிபரப்பு நிலையங்கள் கைவிட்ட கேட்ஸ் பி.சி.-1டி, காலின்ஸ் 20வி போன்ற 1 கிலோவாட் அலைபரப்பிகளைப் பெற்று, 160 அல்லது 75 மீட்டர் பட்டைக்கு மாற்றியமைத்து, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் திறனைக் குறைத்து இயக்குவோரும் உள்ளனர். ஆளுயரப் பேழைகளான இவை பழைய இரும்புக் கடைக்குச் செல்லாமல் இன்னும் பணிபுரிவது, வானொலித் தொழில்நுட்ப வரலாற்றைக் காக்கும் அரிய தொண்டு என்றே கொள்ளத் தகும்.

75 மீட்டர் பட்டையில் உரையாடல்

3885 கிலோஹெர்ட்ஸுக்குரிய அரையலை இருமுனை ஆண்டெனாவின் நீளம் ஏறத்தாழ 37 மீட்டர். இரு மரங்களுக்கு இடையே கம்பியாகக் கட்டிவிடலாம். பகலில் அயனி மண்டலத்தின் தாழ்ந்த டி அடுக்கு இவ்வலைகளை உறிஞ்சிவிடுவதால், தொடர்பு சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. கதிரவன் மறைந்ததும் டி அடுக்கு கரைய, உயரத்திலுள்ள எஃப் அடுக்கு அலைகளைத் திருப்பியனுப்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டு சேர்க்கிறது. குளிர்கால இரவுகளே இதற்கு மிக உகந்தவை. கோடையில் தொலைவிலுள்ள இடிமின்னல்களின் வெடியொலி பட்டையெங்கும் நிறைந்துவிடும்.

ஒரே அலை இரு வேறு பாதைகளில் வந்து சேரும்போது சில அதிர்வெண்கள் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இத்தேர்வு மங்கல் ஊர்தி அலையின் மீது விழும்போது, பக்கப்பட்டைகள் ஒப்பீட்டு அலையை இழந்து, பேச்சு சில நொடிகள் கரகரத்துச் சிதைகிறது. ஏ.எம். முறையின் உண்மையான குறை திறன் கணக்கில் இருப்பதைவிட இதில்தான் மிகுதியாக இருக்கிறது.

பேசும் மரபும் அலையின் இயல்பிலிருந்தே பிறந்தது. ஒருவர் பேசும் நேரம் முழுவதும் ஊர்தி அலை இடையறாது செல்வதால் நடுவே குறுக்கிடுவது எளிதன்று. எனவே நாலைந்து பேர் வட்டமாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் முறையில் சில நிமிடங்கள் தொடர்ந்து பேசி, அடுத்தவரின் அழைப்புக் குறியைச் சொல்லி ஒப்படைக்கின்றனர். புதியவர் நுழைவதற்காக இடையில் சிறு இடைவெளி விடப்படுகிறது. அமெரிக்க விதிகளின்படி 10 நிமிடத்திற்கு ஒருமுறையேனும் தம் அழைப்புக் குறியைக் கூற வேண்டும். சைகை வலிமையைப் பரிமாறிக்கொண்டு நொடிகளில் முடியும் போட்டித் தொடர்புகளுக்கு இது நேர்மாறானது: கருவியின் பழுது, மின்மாற்றியின் வரலாறு, ஒலியின் தரம் பற்றிய திறனாய்வு என உரையாடல் மணிக்கணக்கில் நீளும்.

ஒற்றைப் பக்கப்பட்டையின் வருகையும் விதிமுறைச் சிக்கல்களும்

ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பினாலே போதும் என்பதை ஜான் கார்சன் 1915இலேயே கணித வழியில் காட்டியிருந்தார். 1927இல் தொடங்கிய நியூயார்க்–லண்டன் தொலைபேசி இணைப்பு அம்முறையைப் பயன்படுத்தியது. ஹாம்களிடையே 1947இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிலையத்தின் சோதனைகள் அதற்கு ஊக்கம் தந்தன. 1957இல் வந்த காலின்ஸ் கே.டபிள்யூ.எம்.-1 அனுப்புதலையும் ஏற்பதையும் ஒரே சிறு பெட்டியில் அடக்கிக் காட்டியது. நெரிசல் மிகுந்த பட்டையில் அருகருகே நின்ற ஊர்தி அலைகள் ஒன்றோடொன்று மோதி ஓயாத சீழ்க்கையை எழுப்பிவந்ததால், புதிய முறைக்கு மாறியோரின் வாதத்தில் நியாயம் இருந்தது. 1960களில் பெரும்பான்மையோர் மாறிவிட்டனர்.

எஞ்சியோருக்கு அடுத்த சோதனை விதிமுறைகளின் வடிவில் வந்தது. 1976இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 20777 எண்ணுள்ள முன்மொழிவில், சிற்றலைப் பட்டைகளில் அலையின் அகலத்திற்கு விதிக்க எண்ணிய வரம்பு, ஏ.எம். முறையை நடைமுறையில் தடைசெய்துவிடக் கூடியதாக இருந்தது. எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. 1983இல் திறன் வரம்பு, இறுதி நிலைக்கான 1000 வாட் உள்ளீடு என்பதிலிருந்து 1500 வாட் உச்ச வெளியீடு என மாற்றப்பட்டது. உச்சம் ஊர்தி அலையின் நான்கு மடங்கு ஆதலால், ஏ.எம். நிலையத்திற்குக் கிடைப்பது 375 வாட் ஊர்தி அலை மட்டுமே. இது முன்பிருந்ததில் ஏறத்தாழ பாதி. இவர்களுக்கு மட்டும் பழைய வரம்பு 1990 வரை நீடிக்கப்பட்டது. அளவுகோலை மாற்றியதன் சுமை ஒரு சிறு குழுவின் மீதே விழுந்தது என்னும் குறை இன்றும் அவர்களிடையே பேசப்படுவதில் வியப்பில்லை.

பிற நாடுகளில்

பிரிட்டனில் தொன்மை மற்றும் படைத்துறை அமெச்சூர் வானொலிச் சங்கம் சனிக்கிழமைக் காலைகளில் 3615 கிலோஹெர்ட்ஸில் ஏ.எம். கூட்டுத் தொடர்பை நடத்திவருகிறது. போர்க்கால 19ஆம் எண் கம்பியில்லாக் கருவி அச்சங்கத்தினர் விரும்பிக் காக்கும் கருவிகளில் ஒன்று. இந்தியாவில், 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், ஆர்வலர்களின் முயற்சியாலேயே குரலையும் இசையையும் வானலையில் ஏற்றியது. பிற்கால இந்திய ஹாம்கள், இறக்குமதிக் கருவிகள் எட்டாத நிலையில், 807 வால்வைக் கொண்டு வீட்டிலேயே கட்டிய ஏ.எம். அலைபரப்பிகளுடன் 40 மீட்டர் பட்டையில் பேசினர்.

அண்மைக்கால மாற்றங்கள்

கடைகளில் விற்கும் இன்றைய 100 வாட் கருவிகள் ஏ.எம். முறையில் 25 வாட் ஊர்தி அலையே தருகின்றன. ஆர்வலர்கள் இதனால் நிறைவடைவதில்லை. நேதன் சோகல், ஆலன் சோகல் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஈ வகைப் பெருக்கியில், டிரான்சிஸ்டர் தன்மேல் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லாத கணத்தில் மட்டும் திறந்து மூடுவதால், வெப்பமாக வீணாகும் திறன் மிகச் சிறிது. மலிவான மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 90 விழுக்காட்டை ஒட்டிய செயல்திறனுடன் இவ்வகை அலைபரப்பிகளைத் தாமே கட்டுவோர் பெருகியுள்ளனர். கனத்த பண்பேற்ற மின்மாற்றியின் இடத்தைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் எடுத்துக்கொண்டுள்ளது. கேட்கும் பக்கத்தில், மென்பொருள் ஏற்பிகளில் எளிதாகிவிட்ட ஒத்தியங்கு பண்பிறக்கம், வந்துசேரும் ஊர்தி அலையின் கட்டத்தைப் பற்றிக்கொண்டு, அது மங்கும் நொடிகளில் ஏற்பியிலேயே உருவாக்கிய நிலையான அலையை அதன் இடத்தில் நிறுத்துகிறது. தேர்வு மங்கலால் சிதையும் பேச்சு இதன்மூலம் பெருமளவு மீட்கப்படுவதோடு, இடையூறு மிகுந்த பக்கப்பட்டையை விலக்கி மற்றொன்றை மட்டும் கேட்கும் வசதியும் கிடைக்கிறது.