அஸ்தாபோவோ நிலையம்

இருப்புப்பாதைத் துறையில் ஊழியம் செய்யும் நம்மவர்க்குப் பெருநகர நிலையங்களின் கோபுரங்கள் புதுமையல்ல. ஆதலின், இவ்வாண்டு மலரில் ஒரு சிற்றூர் நிலையத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோம். ருஷ்ய நாட்டில், ரியாஸான்-யூரால் இருப்புப்பாதையில் உள்ளது அஸ்தாபோவோ. 1910 நவம்பர் வரை அப்பெயரை வெளியுலகம் கேட்டிருக்க நியாயமில்லை.

அம்மாதம் 10-ஆம் நாள் விடியுமுன், 82 வயதான லியோ டால்ஸ்டாய் யாஸ்னயா போல்யானாவிலிருந்த தம் இல்லத்தைத் துறந்து புறப்பட்டார். உடன் சென்றவர் டாக்டர் மக்கோவிட்ஸ்கி. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் புகையும் நெரிசலும் தாளாது, பெட்டிக்கு வெளியே இருந்த மேடையில் குளிர்காற்றில் நெடுநேரம் நின்றார் அம்முதியவர். பின்னர் மகள் அலெக்ஸாண்ட்ராவும் வந்து சேர, ரோஸ்டோவ் செல்லும் வண்டியில் ஏறினர். 13-ஆம் நாள் மாலை காய்ச்சல் மிகவே, அஸ்தாபோவோவில் அவரை இறக்க நேர்ந்தது.

நிலையத்தில் பெண்கள் தங்கும் அறையிலே அவரை அமர்த்தினார்கள். ஊரில் விடுதி கிடையாது. டாக்டர் சென்று நிலைய அதிபர் இவான் ஓஸோலினிடம் நிலைமையைக் கூற, அவர் தம் குடும்பம் வசித்த சிறிய வீட்டையே நோயாளிக்குத் திறந்துவிட்டார்.

நம் துறையின் விதிநூல்கள் எத்துணைத் தடித்தவை என்பதை நாம் அறிவோம். வண்டி தாமதித்தால் ஒரு விதி, மூட்டை தவறினால் ஒரு விதி. நோயுற்ற பயணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தம் குடியிருப்பைத் தருக என்னும் விதியை நாம் எங்கும் கண்டதில்லை. வந்தவரோ 1901-இல் திருச்சபையால் விலக்கப்பட்டவர். அரசாங்கத்தின் கண்காணிப்புக்கு உள்ளானவர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் ஊழியருக்கு அவரை ஏற்பது சிறு காரியமா?

அடுத்த ஏழு நாட்களும் அந்நிலையம் பட்ட பாடு பெரிது. செய்தியாளரும் காவலரும் குவிந்தனர். தந்திக் கருவிகள் ஓயவில்லை. சலனப்படம் எடுப்போரும் வந்துவிட்டனர். மனைவி சோபியா தனி ரயிலில் வந்து, அதன் பெட்டியிலேயே தங்கினார். கணவரைப் பார்க்க விடாமையால் ஓஸோலினின் வீட்டுச் சன்னலருகே சென்று எட்டிப் பார்த்தார். அக்காட்சியும் படமாக்கப்பட்டது. நினைவு தப்பிய பின்னரே அவரை உள்ளே அனுமதித்தனர். நவம்பர் 20-ஆம் நாள் காலை 6 மணி 5 நிமிடத்திற்கு டால்ஸ்டாய் காலமானார். ரயில் என்றாலே அவருக்குப் பிடித்தமில்லை என்பர். ‘அன்னா கரீனினா’வின் கதாநாயகி உயிர்விடுவதும் ஒரு நிலையத்தில்தான்!

அவர் பெயர் தாங்கிய பண்ணையொன்று அவ்வாண்டுதான் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கு 21 மைல் தொலைவில் அமைந்திருந்தது. அதற்கும் அருகில் லாலி என்னும் சிறு ரயில் நிலையம் உண்டு. காந்தியடிகளோடு அங்கு வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர் பலர். டால்ஸ்டாய் அடிகளுக்கு எழுதிய இறுதிக் கடிதத்திற்கும் அவர் மரணத்திற்கும் இடையே மூன்று மாதங்கூட இல்லை.

அஸ்தாபோவோ பிற்காலத்தில் லேவ் டால்ஸ்டாய் எனப் பெயர் பெற்றது. ஓஸோலினின் வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. நிலையத்துக் கடிகாரத்தை ஒருவரும் ஓட்டுவதில்லை. அதன் முட்கள் 6 மணி 5 நிமிடத்தில் நிறுத்தப்பட்டுள்ளன.