தடுக்கப்பட்ட எழுத்து

அரிச்சுவடி வைத்திருந்த குற்றத்திற்காகக் குடிகளைத் தண்டித்த அரசாங்கமும் உண்டா என்று நீங்கள் வியக்கலாம். உண்டு. பால்டிக் கடலோரத்து லிதுவேனியாவில் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அது நடந்தது.

1795இல் லிதுவேனியாவின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசின் வசமாயிற்று. 1863இல் போலந்து மக்களும் லிதுவேனியரும் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. போலந்தின் தொடர்பை அறுத்து லிதுவேனியரை ரஷ்யராக்கிவிட அதிகாரிகள் தீர்மானித்தனர். லிதுவேனிய நூல்களை லத்தீன் எழுத்தில் அச்சிடலாகாது, ரஷ்யரின் சிரிலிக் எழுத்திலேயே அச்சிடலாம் என்று 1865இல் ஆணை பிறந்தது. பள்ளிகளில் ரஷ்யமே பயிற்றுமொழி. உக்ரேனிய மொழிக்கும் 1863, 1876ஆம் ஆண்டுகளில் தடைகள் வந்தன, அது தனிக்கதை.

எழுத்து மொழிக்குச் சட்டைதானே, மாற்றினால் என்ன? நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால், அந்தக் குடியானவனுடைய ஜெபப்புத்தகம் லத்தீன் எழுத்தில் இருந்தது. அவன் கத்தோலிக்கன், சிரிலிக் எழுத்தோ ஜார் மன்னரின் திருச்சபைக்கு உரியது என்பது அவன் கருத்து. ஆகவே, அரசாங்கம் அச்சிட்டளித்த நூல்களை அவன் ஏற்கவில்லை.

வலன்சியுஸ் என்னும் பிஷப், எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் நூல்கள் அச்சாவதற்கு வழிசெய்தார். தில்சித் முதலிய ஊர்களில் அச்சான அரிச்சுவடிகளும் ஜெபநூல்களும் இரவோடிரவாக மூட்டைகளில் எல்லை கடந்தன. அவற்றைச் சுமந்தவர்களுள் பலர் உழவர்கள். பிடிபட்டோர்க்குச் சிறை, அல்லது சைபீரியா; எல்லைக் காவலரின் குண்டுக்கு இரையானோரும் உண்டு. யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் முப்பதாண்டுகள் இப்பணியில் உழன்றார். 1883இல் தோன்றிய 'ஔஷ்ரா' (விடியல் என்பது பொருள்) என்னும் பத்திரிகையும் இவ்வழியாகவே வந்தது.

நூல் வந்தால் போதுமா? படிக்கக் கற்பிக்க வேண்டுமே! அரசாங்கப் பள்ளியை நம்பாத தாய்மார் அடுப்பங்கரையிலேயே பள்ளி வைத்தனர். 1897ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், லிதுவேனியர் மிகுந்த கோவ்னோ மாகாணத்தில் எழுத்தறிந்தோர் விகிதம் பேரரசின் சராசரியைவிட மிக உயர்ந்திருந்தது. தடை விதித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

1904இல், ஜப்பானுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அரசாங்கம் தடையை நீக்கியது. இரண்டாண்டு கழித்துப் பெட்ராஸ் ரிம்ஷா என்னும் சிற்பி ஓர் உருவம் வடித்தார். தாய் இராட்டையில் நூல் நூற்கிறாள். அருகில் நிற்கும் குழந்தை புத்தகம் படிக்கிறது. கை வேலையிலிருக்க, அவள் கண் மட்டும் அந்த ஏட்டின்மேல் இருக்கிறது.