ஹாப்ஸ் கொடியும் கசப்பு ஆப்பிளும்

இங்கிலாந்தில் சைடர் என்றாலே மதுதான், ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துப் பெறுவது. அமெரிக்காவிலோ அதே சொல்லுக்குக் குழந்தைகள் குடிக்கும் வடிகட்டாத ஆப்பிள் சாறு என்று பொருள். மது வேண்டுபவர் ‘ஹார்ட் சைடர்’ என்று அடைமொழி சேர்த்துக் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவிலக்குப் பிரச்சாரமும் 1920 முதல் 1933 வரை நீடித்த தேசிய மதுவிலக்கும் பானத்தை மட்டுமல்ல, சொல்லையும் புளிக்காமல் செய்துவிட்டன.

அப்படி இழந்ததை மீட்க முயன்ற பகுதிகளுள் நியூயார்க் மாநிலத்தின் கதை விசேஷமானது. வானுயர் கட்டடங்களின் நகரத்தைச் சொல்லவில்லை. அதற்கு வடக்கிலும் மேற்கிலும் விரியும் குன்றுகளும் ஏரிகளும் பழத்தோட்டங்களும் கொண்ட உள்நாட்டைச் சொல்கிறேன். அங்கே மாடிசன் மாவட்டத்தில் 1808-ஐ ஒட்டி வணிகத்துக்காக ஹாப்ஸ் பயிரிடப்பட்டது. பதினெட்டு, இருபது அடிக் கம்பங்களில் சுற்றி ஏறும் இக்கொடியின் பெண்பூக்களே பீருக்குக் கசப்பும் மணமும் தருபவை; கெடாமல் காப்பவையும் அவையே. 1880 வாக்கில் அமெரிக்காவின் ஹாப்ஸ் விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரு மாநிலத்திலிருந்து வந்தது. ஆகஸ்டு இறுதியில் பூப்பறிக்கப் பெண்களும் சிறுவர்களும் நகரங்களிலிருந்து ரயிலேறி வருவார்கள். பகலில் பறிப்பு, இரவில் நடனம். பூக்களை உலர்த்திய கூம்புக் கூரைச் சூளை வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன.

விலை ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஏறி இறங்கும் பயிர் அது. பசிபிக் கரையின் வறண்ட காற்றில் ஹாப்ஸ் மலிவாகவும் நோயின்றியும் விளையத் தொடங்கியதும் நியூயார்க் தோற்றது. பூஞ்சை நோய்கள் மிச்சத்தைத் தின்றன. மதுவிலக்கு வந்தபோது சாவதற்கு அதிகம் மீதமிருக்கவில்லை.

சைடர் மரங்களை மதுவிலக்குக்காரர்கள் கோடாரியால் வெட்டிச் சாய்த்தார்கள் என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். கதை என்ற அளவில் அழகானதுதான். ஆனால் ஜெர்மானியக் குடியேறிகளின் பீர், நகரங்களை நோக்கிய பெயர்வு, தின்பதற்கான இனிப்புப் பழத்துக்குக் கிடைத்த நல்ல விலை ஆகியவை கோடாரிக்கு முன்பே வேலையை முடித்திருந்தன. சைடருக்கு உகந்த, வாயில் வைக்க முடியாத துவர்ப்பும் கசப்பும் கொண்ட பழத்தை வாங்க ஆளில்லை. விவசாயி மக்கின்டாஷ் நட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

மறுமலர்ச்சி பீரிலிருந்து தொடங்கியது. 1978-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அடுத்த ஆண்டு வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றமல்லாமல் ஆயிற்று. அசோசியேட்டட் பிரஸ் நிருபராக மத்திய கிழக்கில் இருந்த ஸ்டீவ் ஹிண்டி, மது தடைசெய்யப்பட்ட சவூதி அரேபியாவில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அதிகாரிகளிடமிருந்து அந்த வித்தையைப் பற்றி அறிந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. அவர் டாம் பாட்டருடன் தொடங்கிய புரூக்லின் நிறுவனத்தின் பீர் முதலில் புரூக்லினில் காய்ச்சப்படவில்லை. 1888-இல் நிறுவப்பட்ட, யூட்டிக்கா நகரின் மேட் குடும்பத்து ஆலையில்தான் காய்ச்சப்பட்டது. 1997-இல் கூப்பர்ஸ்டவுன் அருகே பழைய ஹாப்ஸ் பண்ணையொன்றில் பெல்ஜிய பாணி ஓமகாங் ஆலை எழுந்தது. ஆனால் நிலம் பழைய ஹாப்ஸ் நிலமே ஒழிய, அந்நாட்களில் மாநிலத்தின் ஆலைகள் பயன்படுத்திய ஹாப்ஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. சீசாவில் உள்ளூரின் பெயர், உள்ளே எங்கோ விளைந்த பயிர்.

இந்த முரணைத் தொட்டது ஒரு வழக்கு. உள்மாநிலச் சிறு ஆலைகளுக்கு மட்டும் தரப்பட்ட கட்டணச் சலுகை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று, வெளிமாநில இறக்குமதி நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் தீர்ப்பாயிற்று. அதையொட்டி 2012-இல் வந்ததே பண்ணை மதுவாலைச் சட்டம். 1976-இல் திராட்சை விவசாயிகளுக்காக இயற்றப்பட்ட பண்ணை ஒயின் சட்டம் அதற்கு முன்மாதிரி. மாநிலத்தில் விளைந்த ஹாப்ஸும் பிற மூலப்பொருள்களும் தலா 20 சதவீதமாவது சேர்ப்பவருக்கு மலிவான உரிமமும் விற்பனை வசதிகளும் உண்டு; 2019 முதல் அது 60 சதவீதம், 2024 முதல் 90 என்று ஏணிபோல் விதித்தார்கள். 2012-இல் நூறுக்கும் குறைவாக இருந்த ஆலைகள் 2018-இல் நானூறைத் தாண்டின. அதற்கு முன்பிருந்த உச்சம் 1876-இன் 393.

எண்ணிக்கையை அரசியல்வாதிகள் கொண்டாடினார்கள். வயலின் கணக்கு வேறு. பறிக்கும் இயந்திரமும் உலர்த்தும் கொட்டகையும் இல்லாமல் இரண்டு ஏக்கர் ஹாப்ஸ் வைத்திருப்பது வீண்செலவு. பார்லி இன்னும் கடினம். ஈரமான கோடையில் கதிரில் பூஞ்சை பற்றுகிறது. அது சுரக்கும் நச்சு பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முளைகட்டி மால்ட் ஆக்கும் ஆலை வாங்காது. பீராக வேண்டியது மாட்டுத் தீவனமாகும். ஆர்வத்தில் ஹாப்ஸ் நட்டவர்களில் பலர் சில ஆண்டுகளில் கம்பங்களைப் பிடுங்கினார்கள். சட்டசபை ஒரு கூட்டத்தொடரில் விகிதத்தை உயர்த்திவிடலாம். மண்ணுக்குக் கூட்டத்தொடர் கிடையாது.

2013-இல் சைடருக்கும் பண்ணைச் சட்டம் வந்தது. அதில் ஏணி இல்லை: ஆப்பிள் முழுவதும் மாநிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். வாஷிங்டனுக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக ஆப்பிள் விளையும் இடம் என்பதால் இது எளிதென்று தோன்றும். ஆனால் விளைபவை இனிப்புப் பழங்கள். அவற்றிலிருந்து வரும் சைடர் மெலிந்தது, சற்றே சலிப்பூட்டுவது என்பது என் எண்ணம். கசப்புத் துவர்ப்பு வகைகளைப் புதிதாக நட்டவர் காய்க்க ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவை பூக்கும் காலத்தில் தீக்கருகல் நோய்க்கும் எளிதில் இரையாகின்றன. 2012 மார்ச்சின் அகால வெப்பத்தில் முந்திப் பூத்த மரங்களை ஏப்ரல் உறைபனி தாக்கி மாநிலத்தின் ஏறத்தாழ பாதி விளைச்சலை அழித்தது, அப்போது எல்லோருக்கும் நினைவிலிருந்தது.

பொறுமையற்ற சிலர் வேலியோரங்களுக்கும் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களுக்கும் போனார்கள். ஆப்பிள் விதை தாயைப் போலப் பிறப்பதில்லை; உதிர்ந்த பழத்திலிருந்து முளைத்த ஒவ்வொரு காட்டுமரமும் ஒரு புதிய ரகம். சிறியதும் கரடுமுரடானதுமான அக்காய்களில் சந்தை ஒதுக்கிய துவர்ப்பு இருந்தது. இவற்றைக் கொண்டு சைடர் செய்த ஆண்டி பிரென்னன், 2019-இல் வெளிவந்த தம் நூலில், பராமரிக்கப்படாத மரத்தையே உயர்ந்ததென வாதிடுகிறார். முழுவதும் ஏற்கத் தயக்கமாயிருக்கிறது. காட்டுமரம் ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். அதை நம்பி மாதத் தவணை கட்ட முடியாது. ஆனால் அம்மரங்களை நட்டவர் யாருமில்லை என்பதும், அவற்றை யாரும் வெட்டவுமில்லை என்பதும் உண்மை.

பீர்க்காரர்களின் 90 சதவீதம் 2024-இல் வரவில்லை. தள்ளிவைத்துவிட்டார்கள்.