கோப்புறை திறக்கவில்லையா? கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை

தோட்டம் குடியிருப்பாக மாறியபோது எடுத்த படங்கள், கோயில் திருவிழா வரவு செலவு கணக்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல். சிரம்பானை ஒட்டிய பாரோய் வட்டாரத்திலும் நெகிரி செம்பிலானின் மற்ற தோட்டப்புறங்களிலும் பல குடும்பங்களுக்கு இவை ஒரே ஒரு பெண்டிரைவில் அல்லது பழைய மடிக்கணினியில்தான் இருக்கும். ஒரு நாள் அந்தக் கோப்புறை திறக்காமல் போனால் என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். கோப்புறை திறக்காததும் உள்ளே இருப்பவை அழிந்துபோவதும் ஒன்றல்ல. பல நேரங்களில் பெரிய இழப்பு வருவது, பதற்றத்தில் நாம் அமுக்கும் அடுத்த பொத்தானால்தான். திரையில் வரும் செய்தியை முழுசா படியுங்கள். அதில்தான் காரணம் இருக்கிறது.

கோப்புறைப் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிகிறதா?

அது கோப்புறை இல்லை, 'ஷார்ட்கட்'. பெண்டிரைவ் வழியாகப் பரவும் ஒருவகை வைரஸ் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் இந்தப் போலிகளை வைக்கும். சொடுக்கினால் வைரஸ் இயங்கும். நகல் எடுக்கும் கடை, பள்ளி, அலுவலகம் என்று பல கணினிகளில் செருகி எடுக்கும் பெண்டிரைவுகளுக்கு இது அடிக்கடி வரும்.

போலியைச் சொடுக்காதீங்க. முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெண்டிரைவையும் கணினியையும் சோதியுங்கள். பிறகு 'வியூ' பட்டியலில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால், 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் குறியை எடுத்துவிடுங்கள். மங்கலாக உண்மையான கோப்புறை தெரியும். அதிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் குறியை மறுபடி போட்டுவிடுங்கள்.

'ஃபார்மட்' செய்யவா என்று கேட்கிறதா?

'கேன்சல்' மட்டும் அமுக்குங்கள். ஃபார்மட் செய்தால் வட்டு காலியாகத்தான் திரும்பக் கிடைக்கும். வேறு யூஎஸ்பி துளையிலும் வேறு கணினியிலும் செருகிப் பாருங்கள். ஒரு இடத்தில் திறந்துவிட்டால், உடனே எல்லாவற்றையும் நகலெடுங்கள். பழுது பார்ப்பது அப்புறம்தான். விண்டோஸில் உள்ள வட்டுச் சோதனைக் கருவி சேதமான பகுதிகளைத் துண்டு துண்டாகத் தனிக் கோப்புறையில் போட்டுவிடக்கூடும். அதனால் நகலெடுக்கும் முன் அதை ஓட்ட வேண்டாம். வன்வட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தால் கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

'ஆக்சஸ் டினைட்' என்று வருகிறதா?

இது அனுமதிப் பிரச்சினை. பழைய கணினியின் வன்வட்டைப் புதியதில் பொருத்தும்போது சகஜமாக வரும். கோப்புறைக்கு உரிமையாளராகப் பழைய கணக்கே பதிவாகியிருக்கும். வலது சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று போய் உரிமையாளரை மாற்றலாம். நிர்வாகி கணக்கு தேவை. உங்கள் சொந்தக் கோப்புறைகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். 'விண்டோஸ்' என்ற பெயருள்ள கோப்புறையில் கை வைக்காதீர்கள்.

தமிழில் பெயர் வைத்தால் பிரச்சினையா?

இல்லை. ஆனால் ஒரு கணக்கு உண்டு. விண்டோஸில் கோப்பின் முழுப் பாதை பொதுவாக 260 குறிகளைத் தாண்டக்கூடாது. 'பாரோய்' நம் கண்ணுக்கு 3 எழுத்து, கணினிக்கு 6 குறிகள். ஏனென்றால் துணைக்கால், இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். நீளமான பெயர்களில் கோப்புறைக்குள் கோப்புறை வைத்தால் சீக்கிரமே எல்லை வந்துவிடும். பெயர்களைச் சுருக்கினால் தீர்ந்தது.

யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த பழைய தமிழ் ஆவணங்கள் திறந்தும் புரியாத குறிகளாகத் தெரியலாம். அதுவும் சேதம் இல்லை. அன்று பயன்படுத்திய எழுத்துருவோ, யூனிகோடுக்கு மாற்றும் கருவியோ இருந்தால் படிக்கலாம்.

மெதுவாகத் திறந்தால்?

ஆயிரக்கணக்கில் படங்கள் உள்ள கோப்புறையில் ஒவ்வொன்றுக்கும் சிறுபடம் உருவாக்க நேரமாகும். 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்' பகுதியில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள்.

பணம் கேட்டு மிரட்டல் வந்தால்?

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய சொல் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்கும் குறிப்பும் இருந்தால் அது மிரட்டல் மென்பொருள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'வான்னாக்ரை' இந்த வகைதான். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்று உறுதி இல்லை. சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' உதவி மையத்தில் புகார் செய்யலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அதில் இயங்கும் கணினிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

கோப்புறை மறுபடி திறந்ததும் வேலை முடிந்துவிடாது. முக்கியமானவற்றுக்கு இரண்டு நகலாவது வையுங்கள்: ஒன்று வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ. பெண்டிரைவைக் கடையில் மறுபடி வாங்கலாம். இல்லாமல் போன தோட்டத்தின் படத்தை மறுபடி எடுக்க முடியாது.