பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு 'ஈ'

 

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து இறங்கும்போது, நம்ம பாலையூற்றுத் தாய் ஒருவர் கேட்டார்: "சேர், மகன்ட போன்ல இங்கிலீசுப் பாட்டுப் பேருக்குப் பக்கத்துல சின்னப் பெட்டியில 'ஈ' என்டு கிடக்கு. அது என்ன?"

மொய்க்கிற ஈ இல்லை. ஆபாசமோ கெட்ட வார்த்தையோ இருக்கிறது, கவனம் என்று சொல்கிற ஆங்கில எழுத்து. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. (இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சரித்திர வாத்தியார்.)

1984இல் அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற தாய், தன் 11 வயது மகளுக்குப் பிரின்ஸ் என்ற பாடகரின் 'பேர்ப்பிள் ரெய்ன்' இசைத்தட்டை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் ஒரு பாட்டின் வரிகளைக் கேட்டுத் திகைத்துப் போனார். இவர் பின்னாளில் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவி. அடுத்த வருடமே செல்வாக்குள்ள வேறு சில பெண்களுடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1985 செப்டம்பர் 19இல் செனட் சபைக் குழு விசாரித்தது. மென்மையான பாட்டுகளுக்குப் பேர்போன ஜோன் டென்வரே எதிர்த்துச் சாட்சி சொன்னார். மலையின் அழகைப் பாடிய தன் பாட்டைப் போதைப் பாட்டு என்று சில வானொலிகள் ஒதுக்கியதாம். கடைசியில் இசைத்தட்டுக் கம்பனிகள் இணங்கின. 1990இல் எல்லோருக்கும் பொதுவான கறுப்பு வெள்ளை லேபல் வந்தது.

தடுத்தால் பிள்ளைகள் அதையே தேடிப் போவார்கள் என்று நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் 1992இல் பீட்டர் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் பாடசாலைப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, லேபல் ஒட்டிய இசைத்தட்டுகளை அவர்கள் கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள். கொஞ்சம்தான். லேபலுக்கு அவ்வளவுதான் பலம்.

முழுத் தடைக்கு? அதை நம்ம பக்கத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், சினிமாப் பாட்டு இளைஞரின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். யுத்த காலத்தில் நேசநாட்டுப் படையினருக்காகத் திட்டமிட்டு எக்கலவில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நம்மிடம் இருந்தது. 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வுக்காக வட இந்தியாவே வாரம் தோறும் காத்திருந்தது. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டுக்காரர் குரல் மாதிரி. விளம்பரக் காசு கொழும்புக்கு வந்தது. ஐந்து வருடம் பார்த்துவிட்டு, 1957 அக்டோபரில் டெல்லியே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுப் போட்டது.

எங்கள் சின்ன வயதில் திருகோணமலையில் அந்த அமெரிக்க லேபலை யாரும் கண்டதில்லை. நானா ஒரு கடதாசியில் பாட்டுப் பேர்களை எழுதி, வெற்றுக் கசட்டோடு ரெக்கோடிங் பாரில் கொடுத்துவிட்டு வருவார். இசைத்தட்டின் அட்டை கடையிலேயே நின்றுவிடும், பாட்டு மட்டும் வீட்டுக்கு வரும். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ செட், அதுவும் ஹோலில். வாப்பா செருமினால் நானாவின் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகும்.

அந்த லேபல், கடையில் காசு கொடுக்கிற தாய் பார்க்க வேண்டும் என்று செய்தது. இப்போது காசும் இல்லை, கடையும் இல்லை. பிள்ளையின் காதில் ஹெட்செட்.

"எனக்கு இங்கிலீசு விளங்காதே சேர்" என்றார் அந்தத் தாய். மகனையே பக்கத்தில் இருத்தி, வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

நேற்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். இரண்டாவது பாட்டில் பாதியிலேயே "உம்மா, இது வேணாம், வேற போடுறன்" என்றானாம். மூன்று பாட்டுகளுக்கு மட்டும் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறதாம்.